வெளிப்பூட்டு வண்டி: கவன்ட்ரி பட்டறைக் குறிப்புகள்

2023 அக்டோபர் 3

கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலேறி வந்த ஜாகுவார் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் இன்று பட்டறைக்குள் வந்துவிட்டது. 1961 மாடல், இடப்பக்க ஸ்டீயரிங், கூரை மடக்கும் வகை. இங்கே கவன்ட்ரி பிரவுன்ஸ் லேனில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலையை இடித்தே பல வருஷம் ஆகிறது. வண்டிதான் ஊர் திரும்பியிருக்கிறது.

சேஸிஸ் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 8752 என்று தொடங்குகிறது. அப்படியென்றால் வெளிப்பூட்டு வண்டி. முதல் 500 வண்டிகளுக்குத்தான் பானெட் (இன்ஜின் மூடி) பூட்டு வெளியே இருக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துளை, அதில் டி வடிவச் சாவியை விட்டுத் திருக வேண்டும். சாவியை வீட்டில் மறந்துவிட்டால் ஆயில் அளவுகூடப் பார்க்க முடியாது. பிறகு நெம்புகோலை உள்ளே வைத்துவிட்டார்கள். இன்று அந்தத் தொல்லைக்குத்தான் தனி விலை.

அக்டோபர் 5

ஆயில் ஃபில்டருக்கு மேலே அழுக்கைத் துடைத்து இன்ஜின் எண் பார்த்தேன். தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறது. கடைசியில் -9, அதாவது சிலிண்டருக்குள் கலவையை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கும் 9:1 கம்ப்ரெஷன். பதிவில் நிறம் வெண்கலம். வண்டியோ தக்காளிச் சிவப்பு. டாஷ்போர்டைக் கழற்றினால், யாரும் பெயின்ட் ஸ்ப்ரே நுழைக்காத மூலையில் ஒரு கை அகலத்துக்கு வெண்கலம் அப்படியே மின்னுகிறது. அதைத் தொடாதே என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 9

இன்று நல்ல நாள் இல்லை.

பானெட்டில் காற்றுப் போக வரிவரியாகக் கீற்றுகள் இருக்கும். ஆரம்ப வண்டிகளில் அந்தக் கீற்றுப் பகுதியைத் தனித் தகடாக அடித்து, பானெட்டில் வெல்டு வைத்தார்கள். பின்னால் பானெட்டிலேயே அச்சடித்துவிட்டார்கள். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடியில் கைவிட்டுத் தடவினால் வெல்டு விளிம்பு விரலில் தட்டுப்படும்.

தட்டுப்படவில்லை. விளக்கைப் பிடித்தும் பார்த்தேன், வழவழ என்று இருக்கிறது. ஆனால் பூட்டுத் துளை மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறதே! பெயின்ட்டைச் சுரண்டினேன். துளை ஓரத்தில் அரம் போட்ட கோடுகள், சுற்றிலும் பட்டி. பிற்காலப் பானெட்டை மாட்டி, துளை போட்டு, "ஒரிஜினல்" என்று விற்றிருக்கிறார்கள்.

ஈ-டைப்புக்கு மூக்கு நீளம். முன்னால் லேசாக முட்டினாலும் பானெட்தான் போகும். மாற்றியது தப்பில்லை. மறைத்ததுதான் தப்பு.

அக்டோபர் 10

உரிமையாளரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற பல் டாக்டர், ஆறடிக்கு மேல் உயரம். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கீற்றை வெட்டி எடுத்துத் திரும்ப வெல்டு வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். ஆனா நான் வைக்க மாட்டேன்."

துளைகள் இருக்கட்டும் என்று முடிவு. இந்த வண்டிக்கு வெளிப்பூட்டு முறைதான் சரி, தகடுதான் வேறு. மதிப்பீட்டு அறிக்கையில் "பானெட் பிற்காலத்தது, துளைகள் பின்னர் இடப்பட்டவை" என்றே எழுதினேன். "மாற்றப்பட்டது" என்று மட்டும் போடக்கூடாதா என்றார். கூடாது.

அக்டோபர் 17

இன்ஜினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம். ரெனால்ட்ஸ் 541 என்ற எஃகுக் குழாய், சுவர் மெலிது, துரு உள்ளிருந்து தின்னும். புதுச் சட்டம் கிடைக்கிறது. பாதுகாப்புக்கு அதுவே மேல். சிக்கல் என்னவென்றால் சேஸிஸ் எண்ணைப் பொறித்திருப்பதும் இந்த முன்சட்டத்தில்தான். சுத்தியலால் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக் கேட்டேன். எண் உள்ள துண்டு கணீர் என்றது, துரு தின்னவில்லை. பக்கவாட்டுச் சட்டங்களை மட்டும் மாற்றுகிறோம்.

அக்டோபர் 28

தரை அசல். குதிகால் இறங்கக் குழியில்லாத தட்டைத் தரை, 1962 தொடக்கம் வரைதான் இப்படிச் செய்தார்கள். பானெட்டில் போன மதிப்பில் ஒரு பகுதி இங்கே மீளும்.

மாலையில் டாக்டர் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. பிரேக் மிதிக்கப் பாதத்தை எங்கே மடக்குவது என்று திணறினார்.

"பின்னால வந்த வண்டி மாதிரி இங்க ஒரு குழி வைக்கலாமா?"

வைக்கலாம், ஆனால் விலையில் எவ்வளவு விழும் தெரியுமா என்று தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.