ஈஈஜிக்குப் போறீங்களா? தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க

என் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், கை அப்படியே நின்றுவிடும். கண் எங்கோ நிலைகுத்தியிருக்கும். பத்து விநாடி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பிடுவான். பள்ளிக்கூட டைரியில் "கவனம் இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள்.

குழந்தைகள் நரம்பியல் ஓ.பி.யில் டாக்டரம்மா ஒரு காகிதத் துண்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "ஆடிக்கிட்டே இருக்கணும், ஊது கண்ணா" என்றார். மூன்று நிமிடம் ஊதணுமாம். பாதியிலேயே காகிதம் நின்றது, இமை மட்டும் படபடத்தது. அவர் மெதுவாக "யானை" என்றார். தெளிந்ததும் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். பையன் திருதிருவென விழித்தான். நான் போனில் எடுத்திருந்த வீடியோவையும் பார்த்துவிட்டு, "இது ஆப்சன்ஸ் வலிப்பு. விழுந்து இழுத்தாதான் ஃபிட்ஸ்னு இல்லம்மா" என்று ஈஈஜிக்கு, அதாவது தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற டெஸ்டுக்கு, எழுதினார்.

அங்கேதான் வயிற்றெரிச்சல். கவுண்ட்டரில் தேதியை மட்டும் எழுதித் தந்தார்கள். சம்பளத்தை விட்டுவிட்டுப் போனால், ஒயர் ஒட்டுபவர் தலையைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெய் இருந்தா எப்படிம்மா ஒட்டும்? ராத்திரி நல்லா வேற தூங்கியிருக்கான். வேற தேதி வாங்கிக்கங்க" என்றார். எங்கே எழுதியிருக்கு என்று சண்டைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். கதவு திறந்திருந்தால் அது யார் கண்ணுக்கும் படாது!

ஆகவே தேதி வாங்கும்போதே கேளுங்கள்: எத்தனை மணி வரை விழித்திருக்கணும், மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை என்றால் அன்றைக்குக் கொடுக்கலாமா. முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். பட்டினி போடாதீர்கள். ஷேர் ஆட்டோவில் தூங்கவிடாதீர்கள். வண்ணாரப்பேட்டை நெரிசலில் இவனை விழிக்கவைக்க நான் பாடாத பாட்டில்லை.

அடுத்த தடவை சுலபமாக முடிந்தது. விநாடிக்கு மூன்று என்று அலை கூர்கூராக வந்திருந்தது, அந்த வலிப்பின் அடையாளமே அதுதானாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சிரப்பாக எழுதினார்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம், அளவு மூடியில் ஊற்றுங்கள். பாட்டில் தீர்வதற்குள் அடுத்ததை வாங்கிவிடுங்கள், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. வலிப்பு அடங்கும்வரை மொட்டைமாடிப் பட்டத்துக்கும் காசிமேட்டுக் கடலுக்கும் தனியாக அனுப்பக் கூடாதாம். இதைச் சொன்னதற்குத்தான் பையன் அழுதான், ஒயர் ஒட்டியபோதுகூட அழவில்லை.