பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த கிட்டார்

பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரை அண்மையில் வாங்கினேன். கம்பிகள் துருவேறிக் கறுத்திருந்தன. ஒலிக் குமிழைத் திருகினால் ஸ்பீக்கரில் கரகரப்புதான் கேட்டது. குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் அழுக்குப் படிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதால், காண்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, குமிழை 20 முறை இருபுறமும் சுழற்றியதும் சத்தம் அடங்கியது.

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் ஏறியிருந்த பச்சைக் களிம்புதான் ஒரு மாலைப்பொழுதையே விழுங்கியது. மெல்லிய இரும்பு நாரால் தேய்ப்பவர்கள் கம்பிகளின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப்புகளை முதலில் டேப்பால் மூடிவிட வேண்டும். இல்லையெனில் உதிரும் துகள்களை அவற்றின் காந்தங்கள் இழுத்துக்கொள்ளும், பிறகு அவற்றை அகற்றுவது பெரும்பாடு. (நான் பாதி தேய்த்த பிறகே டேப்பைத் தேடினேன்.)

கழுத்து முன்புறமாக வளைந்திருந்ததால் கம்பிகள் அழுத்த முடியாத உயரத்தில் நின்றன. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை ஒரே மூச்சில் முறுக்குவது ஆபத்து. ஆகவே கால் சுற்று இறுக்கி, சுருதி சேர்த்து, ஒரு நாள் பொறுத்திருந்து, மறுபடி கால் சுற்று இறுக்கினேன். அதன்பின், 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிய சுரமும் அதே இடத்தில் கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பிய ஹார்மோனிக்கும் ஒத்துவரும் வரை கம்பிகளை அடிப்பக்கத்தில் தாங்கும் பிரிட்ஜ் சேடில்களைத் திருகி நகர்த்தினேன். மூன்றாம் கம்பி மட்டும் இன்னும் சற்று முரண்டு பிடிக்கிறது.