"இந்த சீசன் மட்டும் ஆடிக்கிறேன் சார்"

பகலெல்லாம் என்னிடம் வருவது முழங்கால் வலி, கழுத்து வலிக்காரர்கள். ஆட்டக்காரப் பையன்கள் வருவது விளக்கு வைத்த பிறகுதான். கல்லல், சாக்கோட்டை, திருப்பத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் ஒரே பைக்கில் மூன்று பேராக வருவார்கள். தோள் கழன்றவன் நடுவில், மடியில் எம்.ஆர்.ஐ. கவர். படத்தைப் பார்த்த டாக்டர் ஆபரேஷன் என்றிருப்பார், கோச் வேண்டாம் என்றிருப்பார். மூன்றாவது ஆளாக என்னிடம் வருவார்கள். காரைக்குடியில் பிசியோதெரபி பார்ப்பதில் பாதி வேலை இந்தப் பஞ்சாயத்துதான். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆபரேஷன் செய்யப்போவது டாக்டர், கை பையனுடையது. ஆனால் பிறகு மாதக்கணக்கில் அந்தக் கையோடு மல்லுக்கட்டப் போகிறவன் நான்.

தோள் எத்தனை தடவை கழன்றது என்று எல்லாரும் கேட்பார்கள். கடைசித் தடவை எப்படிக் கழன்றது என்பதுதான் என் முதல் கேள்வி. மின்னொளி கபடியில் நாலு பேர் சேர்ந்து மடக்கிக் கீழே சாய்த்தபோது கழன்றிருந்தால் அது ஒரு கதை. தூக்கத்தில் புரண்டபோதோ சட்டை மாட்டும்போதோ பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தபோதோ கழன்றதென்றால் கதையே வேறு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், நானே டக்குனு போட்டுக்குவேன்" என்று பெருமையாகச் சொல்கிறவனைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. அவ்வளவு சுலபமாக ஏறுகிற தோள் அதே சுலபத்தில் இறங்கவும் செய்யும்.

தோள் மூட்டின் கிண்ணம் உண்மையில் ஆழமில்லாத ஒரு தட்டு. அதன்மேல் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் கை எலும்பின் பந்து நிற்கிறது. உருண்டு விழாமல் காப்பவை தட்டைச் சுற்றியுள்ள ஜவ்வு விளிம்பும் தசைகளும். தோள் முன்பக்கமாகக் கழலும்போது அந்த விளிம்பு பிய்ந்துவிடும். ரிப்போர்ட்டில் பேங்கார்ட் என்று எழுதியிருப்பது இதைத்தான். பந்தின் பின்பக்கம் விழும் பள்ளம் ஹில்-சாக்ஸ். கழலக் கழலத் தட்டின் முன்னோர எலும்பும் தேய்ந்துகொண்டே வரும். ஜவ்வு மட்டும் பிய்ந்திருந்தால் தோலில் சின்னத் துளை போட்டு உள்ளே தைத்துவிடலாம். எலும்பே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால் தையலை நம்ப முடியாது. பக்கத்திலுள்ள கோரகாய்டு எலும்பின் நுனியை வெட்டி, முன்னோரத்தில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்த வேண்டிவரும். பிரான்ஸின் லியோன் நகரத்து லாட்டர்ஜே 1954-ல் எழுதிவைத்த முறை அது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று ஆடிக்கொண்டே தள்ளிப்போடுகிறவனுக்கு, இன்றைக்குப் போதுமான தையல் அடுத்த வருஷம் போதாமல் போகலாம். நான் வீட்டுக்காரர்களிடம் அடித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

தைத்த பிறகும் தோள் மறுபடி கழலுமா என்று முன்கூட்டியே பார்க்க, 2007-ல் பால்க், புவாலோ என்ற இரு மருத்துவர்கள் 10 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். வயது 20-க்குள் என்றால் 2, போட்டிகளில் ஆடுபவர் என்றால் 2, உடல் மோதும் ஆட்டமோ கையை வீசும் ஆட்டமோ என்றால் 1. மீதி, மூட்டு இளக்கத்துக்கும் எக்ஸ்ரேயில் தெரியும் எலும்புச் சேதத்துக்கும். 6-ஐத் தாண்டினால் துளைத் தையல் மட்டும் போதாது என்றார்கள். நம்மூர்க் கபடிப் பையன் படம் எடுக்கும் முன்பே 5 வாங்கிவிடுவான்.

கல்லல் பக்கத்துப் பையன் ஒருவன், 19 வயது, கபடியில் கார்னரில் நிற்கிறவன், அப்பத்தாவோடு வந்தான். அவனைப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி மெல்லப் பின்னால் திருப்பினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. மறுகை கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. "வலிக்குதா?" என்றேன். "வலிக்கல சார். கழண்டு போயிரும்." உள்ளங்கையால் தோளின் முன்பக்கத்தை அழுத்திப் பிடித்தேன். கட்டிலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எம்.ஆர்.ஐ. கவரைப் பிறகுதான் பிரித்தேன்.

"கத்தி வச்சா கை பழையபடி வருமாய்யா?" என்று அப்பத்தா கேட்டார்.

"கழலாம இருக்கும்னு நம்பலாம் அப்பத்தா. ஆனா பின்னால திருப்புறது முன்ன மாதிரி முழுசா வராம கொஞ்சம் இறுக்கமா நிக்கலாம். தச்ச பிறகும் கழண்ட பயலுக இருக்காங்க, அதையும் சொல்லிர்றேன்."

பையனின் கணக்கு வேறு. போலீஸ் தேர்வில் கயிறு ஏற வேண்டும், 6 மீட்டர் ஏறினால்தான் முழு மதிப்பெண். தை பிறந்தால் ஊர் ஊராகப் போட்டிகள். பிடி பலமாக இருந்தால் பெயர், சுழற்கோப்பை, ஒரு கிடா. "ஷ்ரேயாஸ் ஐயர் ஆபரேஷன் பண்ணிட்டு ஆறே மாசத்துல வந்துட்டாரே சார்" என்றான். வந்தார்தான். 2021 மார்ச்சில் புனேயில் தோள் கழன்றது, ஏப்ரலில் அறுவை, செப்டம்பரில் ஐ.பி.எல். ஆனால் அவருக்கு அந்த மாதங்களில் தோளைத் தேற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. இவன் லோடு ஏற்றப் போகிறவன். கையைக் கழுத்தோடு தாங்கும் ஸ்லிங் நாலிலிருந்து ஆறு வாரம், மோதுகிற ஆட்டத்துக்கு ஆறு மாதம். அத்தனை நாள் வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், அரிசிக்கு ஆகாது. ஆறு மாதம் உட்கார முடியாதவன் ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது என்பது என் கட்சி. தைத்த கையோடு மூட்டை தூக்கப் போவதைவிட, உட்கார முடிகிற காலம் வரும்வரை தசையைப் பலப்படுத்திக்கொண்டு, ஆடாமல் இருப்பது மேல். கோச்சுக்கு இது பிடிக்காது.

எல்லாத் தோளுக்கும் இதே பேச்சு இல்லை. வாலிபால் அட்டாக்கர்கள் கொண்டுவருகிற படத்தில் பெரும்பாலும் ஏதாவது ஜவ்வுக் கிழிசல் இருக்கும். வலியே இல்லாத எறிவீரர்களிடமும் அது காணப்படுகிறது. தோளின் மேல்பக்க ஜவ்வுக் கிழிசலுக்கு நார்வேயில் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு உண்மையான அறுவை, சிலருக்குத் தோலில் மட்டும் கீறல். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை, 2017-ல் வெளியானது. சோதனைக்கு வந்தவர்கள் சராசரியாக நாற்பது வயதுக்காரர்கள், நம் பையன்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், கழலாமல் வெறுமனே வலிக்கிற தோளோடு வருபவனிடம் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய், ஸ்மாஷைக் குறை, பிறகு கத்தியைப் பற்றிப் பேசலாம் என்றுதான் சொல்வேன். பத்து நாளில் வலி குறைந்ததும் நின்றுவிடுவார்கள், அது வேறு.

நாட்டு வைத்தியரிடம் முட்டைப்பத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் திட்டுவதில்லை. ஆனால் கழன்ற தோளை எக்ஸ்ரே இல்லாமல் இழுக்காதீர்கள் என்று கெஞ்சுவேன். எலும்பு உடைந்திருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். தோளுக்குச் சற்றுக் கீழே, போலீஸ் சட்டைக் கையில் பட்டை தைக்கும் இடத்தில் தொட்டால் மரத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கல்லல் பையன் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தான். தேய்மானம் கொஞ்சம்தான், தையல் போதும் என்றார் டாக்டர். சித்தப்பா கடையில் கணக்கு எழுத உட்கார இடம் கொடுத்த பிறகுதான் தேதி வாங்கினான். இப்போது நாலாவது மாதம். சுவரில் பந்து தட்டுகிறான், ரப்பர் பட்டை இழுக்கிறான், கயிறு எப்போது என்று தினமும் கேட்கிறான். போன வாரம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு "சும்மா வேடிக்கை பார்க்க" அனுமதி கேட்டான். அங்கே சும்மா வேடிக்கை பார்த்தவனை நான் கண்டதில்லை. கட்டுமாட்டைத் தொழுவுக்குக் கொண்டுபோகாமல் வயலிலேயே அவிழ்த்துவிடுவார்கள். கேலரியில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறதென்றால் போ என்றேன். கூடவே அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.