ஓவேர் தேவாலயம்: இருட்டு என்று நினைத்தது வெயில்

டச்சு ஓவியர் வான் கோ 1890 ஜூனில் வரைந்த, பிரான்சின் ஓவேர் கிராமத்துத் தேவாலயத்தை அக்ரிலிக்கில் வரைந்து பார்க்கிறேன், இது மூன்றாவது வாரம். மூல ஓவியம் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுமார் 94 செ.மீ. உயரம், 74 அகலம். என் கேன்வாஸ் 20க்கு 16 அங்குலம், விகிதம் கிட்டத்தட்ட ஒத்துவருவதால் கட்டம் போட்டு எடுப்பதில் சிரமமில்லை.

முதல் வாரம் முழுக்க இதை இரவுக் காட்சி என்றே நினைத்து வரைந்தேன். வானம் அவ்வளவு அடர்நீலம், ஜன்னல்களில் வெளிச்சமில்லை, பின்புறத்திலிருந்து வரைந்திருப்பதால் வாசலும் கண்ணில் படாது. அதனால் முன்னால் இரண்டாகப் பிரியும் பாதைக்கும் சாம்பல் நீலமே அடித்துவிட்டேன். படத்தில் உயிரே இல்லை.

அப்புறம்தான் தங்கை வில்லெமினுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கட்டடம் ஊதா, வானம் கோபால்ட் நீலம், கண்ணாடி ஜன்னல்கள் அல்ட்ராமரின் என்ற அடர்நீலத் திட்டுகள், கூரையில் கொஞ்சம் ஆரஞ்சு என்று சொல்லிக்கொண்டே வந்து, முன்னால் பூத்த பசுமை, வெயில் பட்ட இளஞ்சிவப்பு மணல் என்கிறார். வெயில்! மறுபடி படத்தைப் பார்த்தால், கட்டடத்தை ஒட்டிப் புல்லில் கரும்பச்சையாகக் கிடப்பது அதன் நிழல்தான், நம் பக்கமாக விழுகிறது. அப்படியென்றால் சூரியன் அந்தப் பக்கம், நமக்குத் தெரிவது வெயில் படாத முதுகு. நல்ல பகலில் அந்தக் கட்டடம் மட்டும் தனியாக இருண்டு நிற்கிறது என்பது புரிந்ததும் கொஞ்ச நேரம் தூரிகையையே எடுக்கத் தோன்றவில்லை.

பாதையை முழுசாக மாற்றினேன். மஞ்சள் ஆக்கர் என்ற மண் மஞ்சள், நிறைய வெள்ளை, துளி சிவப்பு, சின்னச் சின்னக் கீற்றுகளாக. பாதை வெளுத்ததும் வானம் தானாகவே ஆழமாகிவிட்டது, அதைத் தொடவே இல்லை. ஊதாவுக்கு அல்ட்ராமரினோடு காட்மியம் சிவப்பைச் சேர்த்தால் சேற்று நிறம் வருகிறது, அலிசரின் கிரிம்சன் என்ற நீலம் சாய்ந்த சிவப்பைச் சேர்த்தால்தான் தெளிவாக வருகிறது. ஸ்கேல் வைத்துப் போட்ட கூரைக் கோடுகளையும் மறைத்துவிட்டுக் கையாலேயே நெளிய விட்டேன், இப்போதுதான் கட்டடம் மூச்சு விடுவதுபோல இருக்கிறது.

இடது பாதையில் முதுகு காட்டி நடக்கும் பெண் மட்டும் பாக்கி. வேறு தாளில் ஆறு தடவை போட்டுப் பார்த்தேன், ஆறிலும் நிற்கிறாள், நடக்கவில்லை. நாளைக்குத் தட்டைத் தூரிகையால் பாவாடையின் கீழ் ஓரத்தை மட்டும் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்க்கவேண்டும்.