நிஷிகசாயில் பார்த்த பேய்ப் படங்கள்

ஜப்பானுக்குப் புதிதாக வந்து, மொழி பிடிபடாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தோழிகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பேய்ப் படம் பாருங்கள் என்பதுதான். குடும்பப் படம் என்றால் பாதிக் கதை பேச்சிலேயே போய்விடும். நகைச்சுவைப் படமோ முழுக்கவே பேச்சு. பேய்ப் படத்தில் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் "யார் அங்கே?", "கதவைத் திற", "அந்த அறைக்குப் போகாதே" என்ற அளவில்தான். முதல் வருடத்தில் படிக்கிற ஜப்பானிய மொழியே இதற்குப் போதும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. டோக்கியோவின் நிஷிகசாயில் குடியேறிய புதிதில் கணவர் காலையில் தோசாய் ரயிலைப் பிடித்துப் போனால் இரவுதான் வருவார். நம் ஊர் ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், இட்லி மாவு கிடைக்கிறது, எல்லாம் சரி. ஆனால் எங்கள் கட்டடத்தில் எந்த வாசலிலும் ஆள் நிற்பதில்லை. லிஃப்டில் பார்த்தால் தலை தாழ்த்தி வணக்கம் சொல்வார்கள், அதோடு சரி. பகல் முழுக்கக் கிடைத்த நேரத்தில் படம் பார்க்க ஆரம்பித்தேன். இங்கே உள்ளூர்ப் படங்களுக்குத் தியேட்டரில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் போடமாட்டார்கள், டிவிடியிலும் அப்படித்தான். காது கேளாதவர்களுக்காகப் போடும் ஜப்பானிய எழுத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்துக்கொண்டே பார்ப்பேன். அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "தனியா இருக்கும்போது இதெல்லாம் எதுக்குட்டி பாக்க?" என்று சத்தம் போட்டாள்.

இங்கே பேய்க்கதைக்குக் கோடைதான் பருவம். ஆகஸ்டில் ஓபோன் வருகிறது. நமக்கு ஆடி அமாவாசை மாதிரி, இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். அந்தப் புழுக்கத்தில் பேய்க்கதை கேட்டால் உடம்பு சில்லிடும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் கோடை வந்தால் பேய்ப் படங்களை வரிசையாகப் பார்ப்பது எனக்கும் வழக்கமாகிவிட்டது. இந்த முறை ஜப்பானியப் படத்தையும் அதன் ஹாலிவுட் ரீமேக்கையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

முதலில் 'ரிங்கு'. 1998ல் ஹிடேயோ நகாட்டா எடுத்தது. ஒரு வீடியோ டேப்பைப் பார்த்தால் ஏழு நாளில் சாவு. டேப் யுகமே முடிந்துபோய்விட்டது, இனி என்ன பயம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தொலைபேசி அடிக்கிற இடத்தில் கை தானாகப் போர்வையைத் தேடியது. கிணற்றில் செத்துப் பேயான சடக்கோவாக நடித்த பெண்ணைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அந்த நடையில் ஏதோ சரியில்லை என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது, என்னவென்று சொல்லத்தான் முடியவில்லை. முகத்தைக்கூட முழுதாகக் காட்டவில்லை, ஒரு கண் மட்டும்தான்.

2002ல் வந்த அமெரிக்க 'தி ரிங்' நல்ல படம். நீல நிற மழை, நவோமி வாட்ஸின் நடிப்பு, கப்பலில் மிரண்டு ஓடும் குதிரை எல்லாம் மனதில் நிற்கின்றன. ஆனால் அது ஒரு துப்பறியும் படமாகிவிட்டது. அந்தச் சிறுமி யார், எங்கே வளர்ந்தாள், ஏன் இப்படி என்று ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போகிறது. மூலத்தைவிட ஏறக்குறைய இருபது நிமிடம் நீளம். காரணம் தெரிந்துவிட்ட பேய்க்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவளுக்குக் கிணற்றில் விழுந்து செத்தவளின் கதை புதிதில்லை. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கிணறு உண்டு. அவள் ஏன் விழுந்தாள் என்று யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை, சொல்லாததால்தான் உச்சிவேளையில் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

ஆனால் எங்கள் ஊர்ப் பேய்க்கும் இங்கத்திய பேய்க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் பேய் புளியமரத்தில், சுடுகாட்டில், ஊர் எல்லையில் இருக்கும். நாம் நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் நெற்றியில் திருநீறு பூசிக்கொள்ளலாம். இந்தப் படங்களின் பேய் மாடிப்படியில், அலமாரியில், மேல் வீட்டில் இருக்கிறது. அவள் எங்கிருந்தோ வந்தவள் இல்லை, அங்கேயே குடியிருந்தவள். அவள் எப்படி இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் அவள் கதை.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்த படம் அதே நகாட்டா 2002ல் எடுத்த 'டார்க் வாட்டர்'. விவாகரத்து வழக்கில் மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளப் போராடும் ஒரு தாய், பழைய அடுக்குமாடியில் மலிவான வீடு பார்த்துக் குடியேறுகிறாள். கூரையில் ஈரக்கறை. அது பெரிதாகிக்கொண்டே போகிறது. மேனேஜரிடம் சொன்னால் பார்க்கலாம் என்கிறார். மேல் வீட்டில் இருந்த ஒரு குழந்தை காணாமல் போயிருக்கிறாள், அவளை அழைத்துப்போக யாரும் நேரத்துக்கு வரவில்லை. அவளுடைய சிவப்புப் பை மட்டும் திரும்பத் திரும்ப வந்து கிடக்கிறது. பயமுறுத்தும் காட்சி என்று எண்ணினால் கைவிரலுக்குள் அடங்கிவிடும். நான் அழுதுவிட்டேன். மழலையர் பள்ளி வாசலில் குழந்தை தனியாகக் காத்திருக்கும் காட்சியைத் தாய்மார்கள் யாரும் எளிதாகக் கடந்துவிட முடியாது.

2005ல் வந்த இதன் அமெரிக்க ரீமேக்கைப் பலர் குறை சொல்கிறார்கள். பயமே இல்லை என்கிறார்கள். எனக்கு அது பிடித்தது. நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவுக்குக் கதையைக் கொண்டுபோய், ஜெனிஃபர் கானலியைத் தாயாக நடிக்க வைத்திருக்கிறார்கள். வீடு காட்டும் ஏஜென்ட்டாக வரும் ஜான் சி. ரைலி, இருட்டான ஒரு அறையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வசதி வசதி என்று சொல்லும் இடம் ஒன்று போதும். வேறு ஊரில் வாடகை வீடு தேடிய எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருப்போம். எந்தப் பயத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்து எடுத்த ரீமேக் அது.

டோக்கியோவில் வீடு தேடுவதும் பேய்ப் படமும் நிஜமாகவே ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. ஒரு வீட்டில் தற்கொலையோ கொலையோ நடந்திருந்தால் அதை 'ஜிக்கோ புக்கென்' என்பார்கள். 2021 அக்டோபரில் அரசு இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதுமையாலோ நோயாலோ இயல்பாக இறந்திருந்தால் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. தற்கொலையோ கொலையோ நடந்த வாடகை வீடு என்றால் ஏறக்குறைய மூன்று வருடம் வரை வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். முன்பணமும் ஜாமீன்தாரும் பெரிய தலைவலியாக இருக்கும் நம்மவர்கள் பலர் அரசு சார்ந்த யூஆர் நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகளுக்குப் போவார்கள். அங்கே இப்படிப்பட்ட வீடுகளை ஒன்றிரண்டு வருடத்துக்குப் பாதி வாடகைக்கே கொடுக்கும் திட்டம் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் விளக்கேற்றி, கணபதி ஹோமம் செய்து நிம்மதியாகக் குடியிருக்கிறது. இதே விஷயத்தை வைத்து, அப்படிப்பட்ட வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்த ஒரு நகைச்சுவைக் கலைஞரின் அனுபவத்திலிருந்து, நகாட்டா 2020ல் ஒரு படம் எடுத்தார். கடைசிப் பகுதி சத்தமும் கிராஃபிக்ஸுமாகக் கெட்டுப்போய்விட்டது. முதல் பாதி மட்டும் பார்க்கலாம்.

அப்புறம் 'ஜு-ஓன்'. தகாஷி ஷிமிசு எடுத்தது. கொலை நடந்த ஒரு வீடு, உள்ளே போகிறவர்களை அங்கிருக்கும் பேய் விடாது. 2004ல் ஹாலிவுட்டுக்காக 'தி கிரட்ஜ்' என்று அவரே திரும்ப எடுத்தார். கதை நடக்கும் இடத்தையும் டோக்கியோவிலேயே வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் வந்து மாட்டுகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் அமெரிக்கர்கள். படம் வந்த காலத்தில் ஊரில் இருந்து பார்த்தபோது எனக்குப் பேயின் அந்தத் தொண்டைச் சத்தம் மட்டும்தான் நினைவில் நின்றது. இப்போது பார்த்தபோது வேறொரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. கணவனின் வேலைக்காக டோக்கியோ வந்த ஒரு பெண், கடையில் நூடுல்ஸ் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாமல், மூடியில் ஓட்டை போட்டு முகர்ந்து பார்க்கிறாள். அவளே இன்னோரிடத்தில், நடக்கப் போய் வழி தவறியதையும், உதவி கேட்க ஒருவரும் கிடைக்காததையும் கணவனிடம் சொல்கிறாள். பேய் இன்னும் அவளைத் தொடவே இல்லை. அதற்குள் அவள் ஒடுங்கிப்போயிருக்கிறாள். பேய்ப் பட ரசிகர்கள் மூலம்தான் உசத்தி என்பார்கள், பயத்தின் அளவில் அது உண்மைதான். ஆனால் புது ஊரில் காலூன்றாதவளின் பயத்தை இந்த அளவுக்குச் சரியாகக் காட்டிய பேய்ப் படத்தை நான் வேறு பார்த்ததில்லை. மூலத்தில் அது இல்லை, இருக்கவும் முடியாது.

இணையம் வழியாகப் பேய்கள் வரும் கியோஷி குரோசாவாவின் 'கைரோ' பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: 2001ல் வந்த மூலத்தைப் பாருங்கள், 2006ல் வந்த அமெரிக்க 'பல்ஸ்' வேண்டாம். சிவப்பு டேப் ஒட்டிய கதவுகளும், மனிதர்கள் சுவரில் கறுப்புக் கறையாக மறைந்துபோவதும் மூலத்தில் தனிமையைப் பற்றிய கதை. ரீமேக்கில் அது ஏதோ சிக்னல் கோளாறு.

பேய்ப் படம் பார்க்கும் எவரும் இங்கே ஓஇவாவைத் தவிர்க்க முடியாது. 1825ல் நான்காம் ட்சுருயா நன்போக்கு எழுதிய கபுகி நாடகத்தின் நாயகி. கணவனால் வஞ்சிக்கப்பட்டு, விஷத்தால் முகம் சிதைந்து இறந்து, பழிவாங்க வருகிறவள். நாடகமாகவும் படமாகவும் இவளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். யோட்சுயாவில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. அவள் கதையில் நடிக்கப்போகிறவர்கள் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடம். நான் போய் நின்றபோது எனக்கு எங்கள் ஊர் இசக்கியம்மன்தான் நினைவுக்கு வந்தாள். அநியாயமாகச் செத்த பெண்ணுக்குப் பயந்து, பிறகு அவளையே தெய்வமாக்கிக் கும்பிடுவது எங்களுக்குத் தெரிந்த விஷயம். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்கு முழுமையாகப் புரிந்த முதல் இடம் அந்தக் கோயில்தான்.

வார்டு அலுவலகம் நடத்தும் மொழி வகுப்பில் எனக்குச் சொல்லித்தரும் ஆசிரியை (சென்செய் என்றுதான் அழைப்பேன்) ஓய்வுபெற்றவர். 1998ல் ஷிபுயா தியேட்டரில் 'முத்து' பார்த்தவர், இன்னமும் அதன் பாட்டை முணுமுணுப்பார். 'முத்து' மலையாளப் படத்தின் ரீமேக் என்று சொன்னபோது ஆச்சரியப்பட்டார். அப்படியானால் உங்கள் பேய்ப் பட ரீமேக் ஒன்று காட்டு என்றார். 'சந்திரமுகி' இங்கேயும் வெளியான படம் என்பதால் அதைக் கொடுத்தேன். பிறகு 'மணிச்சித்ரத்தாழ்' பற்றிச் சொன்னேன். 1993ல் ஃபாசில் எடுத்த மூலத்தில் மையம் ஷோபனாதான், அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நம் படத்தில் மையம் ரஜினி சாருக்கு நகர்ந்துவிட்டது. அவருக்காகக் கைதட்டியவள்தான் நானும். ஆனாலும் அந்தப் பெண்ணின் மனசுக்குள் போக மலையாளப் படம்தான் வழி விடுகிறது.

இன்னொன்றும் சொன்னேன். மலையாளப் படத்தில் பேயாக வருபவள் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். தமிழில் அவள் தெலுங்கு பேசுகிறாள், கன்னடத்திலும் தெலுங்குதான். 2007ல் வந்த இந்தியில் வங்காளம். ஒவ்வொரு மொழிக்காரர்களும் பேயைப் பக்கத்து மொழியில்தான் பேசவிட்டிருக்கிறார்கள். சென்செய் இதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார். "ஜப்பானில் எடுத்தால் அவள் ஒகினாவா நாட்டியக்காரியாக இருப்பாள்," என்றார். "அந்தத் தீவுகளின் பழைய பேச்சு எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் அவள் கோபத்துக்கு நியாயம் இருக்கும்."

யாராவது அந்தப் படத்தை எடுக்க வேண்டும். இரண்டாயிரம் யென் கொடுத்து, சென்செய்க்கும் டிக்கெட் எடுத்து, முதல் நாளே போய் உட்காருவேன்.