ஒரு மணி நேர ஆர்ப்பாட்டம், பதினெட்டு நாள் அலைச்சல்

ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று தாலுகா ஆபீஸுக்குப் போகிற மனுக்களில் பாதி என் கடை மேஜையில்தான் எழுதப்படுகின்றன. "நகல்ல சீல் வாங்காம வந்துடாதீங்க" என்று ஊருக்கே சொல்லி அனுப்புகிறவன் நான். அப்படிப்பட்ட நானே சீல் வாங்காமல் காவல் நிலையத்தில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போதுகூட எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 29 பாலஸ்தீன மக்களுக்கான ஐ.நா. ஒருமைப்பாட்டு நாள். 2024-இல் அந்த நாளன்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே காந்தி சிலை முன்னால் ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் மொத்தம் ஐந்து பேர்: ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், ஜமாத் செயலாளர் பாய், விவசாயிகள் சங்கத் தோழர், எல்.ஐ.சி. ஏஜென்ட் அக்கா, நான். தஞ்சை மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகர் எங்கள் ஊர். சென்னையில் கட்சிகள் நடத்தினால் லெட்டர்பேடு, வழக்கறிஞர் அணி, தெரிந்த அதிகாரி என்று எல்லாம் இருக்கும். எங்களிடம் ஒரு பிரிண்டர் இருந்தது.

நவம்பர் 11, திங்கட்கிழமை, போலீஸ் அனுமதி கேட்டு முதல் மனு. ஸ்டேஷன் ரைட்டர் வாங்கி ஒரு ரிஜிஸ்டருக்கு அடியில் செருகினார். "வெச்சிட்டுப் போங்க, ஐயா வந்ததும் காட்டுறேன்." நகலை நீட்டினேன். சீல் அறையில் இருக்கிறது, சாவி இல்லை என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போனால் அதே ரைட்டர், அதே நாற்காலி. "எந்த மனு சார்?"

ஆகவே, நவம்பர் 18-ஆம் தேதி மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சாவி வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சாவி வந்தது. அது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது என்று எனக்குச் சந்தேகம். சீல் விழுந்த கையோடு அடுத்த கேள்வி வந்தது. "எந்த அமைப்பு? லெட்டர்பேடு எங்க?" அமைப்பெல்லாம் இல்லை, ஊர்ப் பொதுமக்கள் என்றேன். அப்படிச் சொன்னால் பொறுப்பு யார் மேல் போடுவது என்றார். நியாயமான கேள்விதான். ஐந்து பேரும் ஆதார் நகலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். நீங்கள் யாராவது இப்படிக் கிளம்புவதாக இருந்தால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். கையெழுத்தில் எல்லா மதத்துப் பெயரும் இருக்கட்டும். ஏன் என்று கீழே தெரியும்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், டீ சொன்னார். கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, சுற்றிச் சுற்றி: "இது முஸ்லிம்கள் நடத்துறதா?" பாய் வாயைத் திறக்கவில்லை. ஆசிரியர்தான் பேசினார். வெளிநாட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, பாலஸ்தீனத்தை 1988-லேயே இந்திய அரசு அங்கீகரித்திருக்கிறது, டெல்லியில் அவர்களுக்குத் தூதரகம் இருக்கிறது, நாங்கள் அரசின் நிலைப்பாட்டைத்தான் சொல்கிறோம் என்றார். இது வேலை செய்தது. பிறகு இன்ஸ்பெக்டர் ஊரில் 144 இருக்கிறது என்றார். நிஜத்தில் அமலில் இருந்தது, கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி வாங்கச் சொல்லும் காவல் சட்டம் 30(2). இங்கே அது வருஷம் பூராவும் இருப்பதுதான். ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 144 போய் 163 வந்துவிட்டது என்று ஆசிரியர் திருத்தப் போனார். மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

அடுத்த முட்டுக்கட்டை நாள். 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் நேராக அங்கே வந்துவிட்டால்? சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்களேன் என்றார். 1947-இல் அதே நவம்பர் 29-இல்தான் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை ஐ.நா. நிறைவேற்றியது. ஆதரவாக 33 நாடுகள், எதிராக 13. அந்தப் பதின்மூன்றில் இந்தியா உண்டு. தேதியை மாற்றினால் பேசுவதற்கே ஒன்றுமில்லை என்று ஆசிரியர் அடம்பிடித்தார். கடைசியில் பாய்தான் வழி சொன்னார்: "பத்தரைக்கு ஆரம்பிச்சு பதினொன்றரைக்கு முடிச்சிடுறோம் சார். எனக்கும் தொழுகைக்குப் போகணும்ல."

தட்டி வாசகங்களை முன்கூட்டியே காட்டச் சொன்னார்கள். காட்டினோம். சிவப்புப் பேனாவால் மூன்றை அடித்தார் இன்ஸ்பெக்டர். அதில் ஒன்று, இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ அப்படியே பாலஸ்தீனம் அரபுகளுக்கு என்பது. "இது தூண்டுற மாதிரி இருக்கு. யார் எழுதுனது?"

"காந்தி சார். 1938, ஹரிஜன் பத்திரிகை" என்றார் ஆசிரியர்.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம், "அப்போ அவர் பேரைக் கீழே பெருசாப் போடுங்க" என்றார். பதினெட்டு நாளில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்று, ஸ்டேஷன் வாசலைத் தாண்டிய பிறகு.

இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு பெயர் இருந்த தட்டியும் அடிபட்டது. நட்பு நாட்டுப் பிரதமர் என்று காரணம். 21-ஆம் தேதி சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, இஸ்ரேலின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலண்ட், ஹமாஸின் ராணுவத் தளபதி டெய்ஃப் மூவர் மீதும் பிடிவாரண்டு பிறப்பித்தது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்துப் பார்த்துவிட்டு, "அவங்க ஊர் வாரண்டை நாங்க எக்ஸிக்யூட் பண்ண முடியாது சார்" என்றார். அந்தத் தட்டி வரவே இல்லை.

அதற்குப் பிறகு மௌனம். ஃபைல் டி.எஸ்.பி. ஆபீஸில் என்றார்கள். 25-ஆம் தேதி கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஐயா பந்தோபஸ்தில் இருக்கிறார். மறுநாள் அடைமழையில் திரும்பப் போனேன். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார். ஃபைல் அங்கே வரவே இல்லை என்று ஒரு பெண் போலீஸ்தான் பாவப்பட்டுச் சொன்னார். எங்கள் ஸ்டேஷனை விட்டே நகராத ஃபைலுக்காக இரண்டு நாள் வியாபாரம் போயிற்று.

அன்றிரவு தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டேன். "வாயால இல்லைன்னு சொன்னா விட்டுடாதீங்கண்ணே. மறுக்கிறதா இருந்தா எழுத்துல மறுக்கச் சொல்லுங்க. அந்தக் காகிதத்தோட ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போயிடலாம்னு ஒரு வரி எழுதி, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் போடுங்க. கையிலயும் ஒண்ணு கொடுங்க." காலையில் அப்படியே செய்தேன். பதினாறு நாள் ஆகாத காரியம் அந்த ஒரு வரியில் அசைந்தது. மனுவில் எத்தனை 'பணிவுடன்' போட்டீர்கள் என்பதை யாரும் எண்ணுவதில்லை. மதுரைக் கிளை என்பதை மட்டும் படிக்கிறார்கள்.

28-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு அனுமதிக் கடிதம் வந்தது. ஊர்வலம் கூடாது, கொடும்பாவி கூடாது, பாக்ஸ் ஸ்பீக்கர் ஒன்றுதான், வெளிநாட்டுக் கொடி கூடாது.

கொடி கூடாதாம். டெய்லர் அண்ணன் பத்துக் கொடி தைத்து முடித்திருந்தார். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, கம்புப் பக்கம் சிவப்பு முக்கோணம் என்று செல்போனில் படம் காட்டியிருந்தேன். இரண்டில் மட்டும் பச்சையை மேலே வைத்துத் தைத்துவிட்டார். நான் பதறியபோது துணியைத் தலைகீழாகப் புரட்டிப் பிடித்தார். முக்கோணம் இருந்த பக்கமே நிற்க, கறுப்பு மேலே வந்தது. "மடிச்சுத் தச்ச ஓரம்தான் வெளியில தெரியும், யாரு பாக்கப் போறா?" யாருமே பார்க்கவில்லைதான். பத்தும் இன்னும் என் கடை இழுப்பறையில் கிடக்கின்றன. கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கொடிக்குப் பதில் தர்பூசணி என்று அக்கா யோசனை சொன்னார். 1967-க்குப் பிறகு ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் கொடிக்குத் தடை இருந்ததே, சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு நாலும் அந்தப் பழத்தில் இருக்கின்றனவே, அந்தக் கணக்கு. ஆனால் கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊரில் தர்பூசணிக்கு எங்கே போவது? தோழர் விடிகாலையில் கும்பகோணம் போய் இரண்டே இரண்டு பழம், பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "இது எதுக்கு?" என்றார். "சாப்பிடத்தான்" என்றார் தோழர். அதையும் எழுதிக்கொண்டார்.

வங்கக் கடலில் புயல் உருவாகிக்கொண்டிருந்த வாரம். சம்பா வயலெல்லாம் தண்ணீரில். சங்கத்து ஆட்கள் பாதிப் பேர் வடிகால் வெட்டப் போய்விட்டார்கள். இருநூறு பேர் எதிர்பார்த்தோம். குடையோடு அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். ஏட்டு என்னிடமே எண்ணிக்கை கேட்டார். சொன்னேன். நாற்பது என்று எழுதினார்.

ஆசிரியர் பேச்சு சுமார்தான், 1947-ஐ விட்டு நகர மாட்டேன் என்றார். அக்கா பேசவே இல்லை, வாசித்தார். காசாவில் செத்தவர்கள் அப்போதே 44 ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். அங்குள்ள சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பெயர்ப் பட்டியலின் முதல் சில பக்கங்களை என் கடையில்தான் அச்செடுத்தோம். வயது என்ற இடத்தில் 0, 0, 0 என்று கீழே வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. பிரிண்டர் கோளாறு என்று நினைத்து நிறுத்தி, மறுபடி எடுத்தேன். ஒரு வயது ஆகாதவர்கள். அக்கா ஒவ்வொரு பெயராக வாசிக்க, உச்சரிப்பு தடுமாறிய இடங்களில் பாய் பக்கத்திலிருந்து மெல்லச் சொல்லிக் கொடுத்தார். எதிர் டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு ஒதுங்கிப் போனார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு முடித்தோம். ஐந்து நிமிடம் கூடிப்போனதற்கு வழக்கு வருமோ என்று பயந்தேன், வரவில்லை. தோழர் பழத்தைக் கீறி எல்லோருக்கும் கொடுத்தார். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள். பழம் சப்பென்று இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் தபால்காரர் ஒரு பழுப்பு உறை கொடுத்துவிட்டுப் போனார். நவம்பர் 11-ஆம் தேதி மனு, அந்தக் காணாமல்போன மனுவேதான், கிடைத்துவிட்டதாம். சட்டம் ஒழுங்கைக் கருத்தில் கொண்டு அனுமதி மறுக்கப்படுகிறது என்று பதில், கீழே பளிச்சென்று சீல். லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன், மனு எழுத வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி.