சரித்திர வாத்தியாரின் தாள் காசு

எங்கள் சரித்திர வாத்தியார் பாடப்புத்தகத்தை நம்பியதைவிடத் தம்முடைய பழைய நாட்குறிப்பைத்தான் அதிகம் நம்பினார். அதன் பக்கங்களுக்கிடையே தாள் காசுகளைக் கசங்காமல் வைத்திருப்பார். 1951இல் இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட முதல் தாள்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், அடுத்து அவர் மகள் எலிசபெத். 1956இல் அரசியின் முகம் போய் நாட்டின் இலச்சினை வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில், 1959இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் பண்டாரநாயக்க. 1965இல் ஆட்சி மாறியதும் பொலன்னறுவையை ஆண்ட மன்னர் பராக்கிரமபாகு. “தேர்தலில் வென்றது யாரென்று பேப்பரைப் பார்க்கத் தேவையில்லை, சட்டைப்பையைப் பாருங்கோ” என்பார்.

கல்விச் சுற்றுலாவில் பொலன்னறுவைக்குப் போனபோது, பொத்குல் விகாரைக்கு அருகே பாறையில் செதுக்கிய அந்தச் சிலையின் முன் எங்களை நிறுத்தி, அதன் உருவம் பதித்த ஐந்து ரூபாய்த் தாளைக் கையில் தந்தார். தாடி, மீசை, சற்றே முன்தள்ளிய வயிறு. இரு கைகளாலும் எதையோ ஏந்தி நிற்கிறார். அது அரசபாரத்தைக் குறிக்கும் நுகம், ஆகவே இவர் பராக்கிரமபாகு என்பது ஒரு கட்சி. அது ஏட்டுச்சுவடி, ஆகவே இவர் ஒரு முனிவர் என்பது மறு கட்சி. அந்த முனிவர் அகத்தியர் என்று சொல்வோரும் உண்டு. பப்பாசித் துண்டு என்று பகிடி விடுவோருக்கும் குறைவில்லை. மத்திய வங்கி அச்சடித்தது அகத்தியரையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் சிரித்தோம். யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்துக் காசு வெளியிட்டதையும் அந்தப் பஸ்ஸில்தான் முதலில் கேள்விப்பட்டேன். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

1970 அக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கினார். கறுப்புப் பணத்தைப் பிடிக்க என்றார்கள். எங்கள் அப்புவிடம் கறுப்புப் பணம் ஏது? பெட்டகத்தில் இருந்தது புகையிலை விற்ற காசு. வங்கி வாசலில் வெயிலில் நின்று மாற்றிக்கொண்டு வந்தார். புதுத் தாளில் மறுபடி பண்டாரநாயக்க. அப்பு முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது 1979ஆம் ஆண்டு வரிசை. மீன், வண்ணத்துப்பூச்சி, பறவை என்று எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் மட்டுமே அதில் இருந்தார்கள். அதன்பின் வந்தவற்றில் நூறு ரூபாய்த் தாளின் கொழுந்து பறிக்கும் பெண்களைச் சொல்லலாம். 2009இல் போர் முடிந்ததைக் குறித்து ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று வந்தது. முன்புறம் பதவியில் இருந்த ஜனாதிபதி, பின்புறம் கொடியேற்றும் படையினர். ஊருக்குப் போயிருந்தபோது கடையில் மிச்சக் காசாக அதைத் தந்தார்கள். அன்றே செலவழித்துவிட்டேன். மறு வருடத்து ஐம்பது ரூபாய்த் தாளில் மன்னம்பிட்டிப் பாலம். மட்டக்களப்பு ரயிலில் அதைக் கடந்தவர்கள் நம் பழைய மாணவர் சங்கத்தில் பலர் இருக்கிறீர்கள்.

வாத்தியார் காலமானபின் அந்த நாட்குறிப்பு யாரிடம் போனது என்று அவர் வீட்டாருக்கும் தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க அதிபர் இணங்கியிருக்கிறார். 1951 முதல் 1970 வரையான தாள்கள் எவரிடமாவது இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, வருடாந்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள்.